முதல் பாட்டிலைக் கொட்ட மாட்டேன்

என் ஆராய்ச்சிக் கைடு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணினித் திரையில் நேர்கோட்டை விட்டு எகிறி நின்ற சில புள்ளிகளை அழித்துவிட வேண்டும். அழித்தால் அந்த வருடமே முனைவர் பட்டம். அழிக்காவிட்டால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், என் பதிவுக் காலம் முடிந்துவிடும், அத்தனை வருட உழைப்பும் வீண். நான் அழிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொல்கிறேன், எனக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை.

நாற்பதை நெருங்கும்போது ஆராய்ச்சிக்கு வந்தவள் நான். வீடு ஊரப்பாக்கத்தில். காலையில் என் கணவர் சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார், நான் எதிர்த்திசையில் செங்கல்பட்டில் இருந்த என் கல்லூரிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவேன். மகள் கொஞ்சம் வளர்ந்து தானே சோறு போட்டுச் சாப்பிடத் தொடங்கியதும், நான் பிஎச்.டி. சேரப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். "இந்த வயசுல டாக்டராகி யாருக்கு ஊசி போடப் போறீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார். அவளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே கேட்டாள். "முதல் ஊசி உனக்குத்தான்" என்றேன்.

என் ஆராய்ச்சி சமையல் எண்ணெயைப் பற்றியது. சோடாவில் நுரைக்கிற கரியமில வாயு இருக்கிறதே, அதை நம் ஊர் நிழலில் அடிக்கிற சூட்டுக்குச் சற்று மேலே வைத்து, காற்றின் அழுத்தத்தைப் போல எழுபது எண்பது மடங்கு நெருக்கினால், அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. வாயுவைப் போல இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். இன்னும் நெருக்க நெருக்க இன்னும் கரைக்கும். பிறகு வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டால் வாயு புஸ்ஸென்று பறந்துவிடும், எண்ணெய் மட்டும் பாட்டிலில் சொட்டும். பெட்ரோல் வாடை அடிக்கிற கரைப்பான் எதுவும் தேவையில்லை.

எந்த அழுத்தத்தில் எந்தச் சூட்டில் எவ்வளவு எண்ணெய் கரையும் என்று ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கணக்குப் போட்டே சொல்ல ஒரு சமன்பாடு வேண்டும். ஒரு எண்ணெய் மூலக்கூறை எத்தனை வாயு மூலக்கூறுகள் சூழ்ந்து நின்று தூக்கிக்கொண்டு போகின்றன என்பதுதான் அந்தச் சமன்பாட்டின் உயிர். மந்திரி வந்தால் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுகிற மாதிரி. வாயுவின் அடர்த்தியை ஒரு பக்கமும் கரைந்த எண்ணெயை இன்னொரு பக்கமும் மடக்கைக் கணக்கில் போட்டால், புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து உட்காரும். உட்கார வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

என் கைடு அந்த நேர்கோட்டு ஆசாமி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, அந்தக் கோட்டின் எண்களைக் கட்டுரைகளாக வெளியிட்டுப் பேர் வாங்கியவர். அவர் அறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்கும். வயதைப் பார்க்காமல் எனக்கு இடம் கொடுத்த ஒரே ஆள் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை தவிட்டெண்ணெய். அந்த எண்ணெய்க்கு அவரிடம் இன்னும் கோடு இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரத்தை ஓட்டி வால்வைத் திறந்ததும் சேருகிற முதல் பாட்டிலை யாரும் எடை போட மாட்டார்கள். "முதல் பாட்டில் சாமிக்கு" என்று சொல்லி நேராகக் கழிவு டப்பாவில் கொட்டிவிடுவார்கள். முந்தைய நாள் ஓட்டத்தில் குழாயில் தங்கிய மிச்சம் அதில் வந்துவிடும், அதனால் அது கணக்கில் சேராது என்பது விளக்கம். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிற பாடம் அது. ஆயுத பூஜைக்குப் பம்புக்குச் சந்தனப் பொட்டு வைப்பதை எப்படி யாரும் கேள்வி கேட்க மாட்டார்களோ, அப்படி இதையும் யாரும் கேட்டதில்லை.

தவிட்டெண்ணெய் வந்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. மதுராந்தகம் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து தவிட்டை வாங்கி, சலித்து, எண்ணெய் எடுத்து, வடிகட்டி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். கிடைப்பதோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு. அதில் ஒரு பங்கை ஒவ்வொரு தடவையும் சாமிக்குக் கொட்டு என்றால் எந்தச் சாமி கேட்டது? தோசைக்கல்லில் மீந்த எண்ணெயைக்கூட வீணாக்காத கை இது. ஒரு நாள் முதல் பாட்டிலை எடுத்துத் தராசில் வைத்தேன்.

அன்று என்னோடு ஆய்வகத்தில் இருந்தவள் சதுரங்கப்பட்டினத்துப் பெண். மீன்பிடிக்கிற குடும்பம், டச்சுக் கோட்டைக்குப் பின்னால் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், அதே கைடிடம் கடுகெண்ணெய்க்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி ஐஸ் மெஷின் ரிப்பேரானதிலிருந்து, பாட்டில்களைக் குளிர வைக்க அவள்தான் ஊரிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் மீன் ஐஸ் கொண்டுவருவாள். பஸ்ஸில் அவளைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருக்கும் என்று பெருமையாகச் சொல்வாள்.

"இன்னாக்கா, சாமி பாட்டிலப் போயி எட போட்டுகினு கீற? சார் பாத்தா பேஜாராப் பூடும்" என்றாள்.

"தராசுல நம்பரைப் பாருடி" என்றேன்.

பார்த்தாள். அடுத்து வந்த எந்தப் பாட்டிலையும்விட அது கனமாக இருந்தது. கொஞ்ச நஞ்சம் இல்லை, கோட்டில் வைத்தால் வானத்துக்கு எகிறுகிற கனம்.

"லைன்ல அழுக்கு கீது போல" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அவளே குழாய் முழுவதையும் கழற்றிக் கரைப்பான் விட்டுக் கழுவினாள். வெறும் வாயுவை ஓட்டிப் பார்த்தோம், ஒரு சொட்டு வரவில்லை. எண்ணெய் நிரப்பி ஓட்டினோம், முதல் பாட்டில் மறுபடி கனம். வாயு ஓட்டம் சீராகாததால் வரும் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, வாயுவும் எண்ணெயும் நன்றாகக் கலக்கும் வரை வால்வை மூடியே வைத்திருந்து, பிறகு திறந்தோம். அப்போதும் கனம். எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! குழாயில் கோளாறு இல்லை என்றால், கோளாறு எண்ணெயைப் பற்றி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் செய்த சோதனைதான் கைகொடுத்தது. எண்ணெயில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ரோஸ் நிறம் வந்து நின்றால் முடிந்தது. கடைசி பாட்டிலில் சட்டென்று ரோஸ் வந்தது. முதல் பாட்டிலில் விட்டுக்கொண்டே இருந்தேன், காரம் போய்க்கொண்டே இருந்தது, நிறம் வரவே காணோம். பக்கத்தில் நின்றவள், "யம்மாடி, இது இன்னாக்கா இவ்ளோ குடிக்குது!" என்று வாயைப் பிளந்தாள்.

விஷயம் இதுதான். தவிட்டெண்ணெய் என்பது ஒரே பொருள் இல்லை. நெல்லைக் குத்திய நொடியிலிருந்து தவிட்டுக்குள் இருக்கும் நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கத் தொடங்கிவிடுகிறது. மூட்டையில் ஒரு வாரம் கிடந்த தவிட்டில் சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். அந்த அமிலம் எண்ணெயைவிடப் பல மடங்கு சுலபமாக வாயுவில் கரையும். கதவு திறந்ததும் அதுதான் முதலில் ஓடி வருகிறது, எண்ணெய் பின்னால் மெதுவாக வருகிறது. முதல் பாட்டிலைக் கொட்டிவிட்டால் மிச்சத்துக்கு அழகான நேர்கோடு கிடைக்கும். ஆனால் அந்தக் கோடு தொழிற்சாலைத் தொட்டிக்குள் நடப்பதைச் சொல்லாது. இன்னும் ஒன்று இருக்கிறது. முதலில் வருவதைத் தனியாகப் பிடித்துவிட்டால், பின்னால் வரும் எண்ணெயைச் சுத்திகரிக்கிற வேலையில் பாதி மிச்சம். இதைத்தான் எல்லோரும் கழிவு டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சமன்பாட்டை இரண்டாக உடைத்தேன். அமிலத்துக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. அமிலம் தீரத் தீர மொத்தம் எப்படி இறங்கும் என்று கணினியில் எழுதினேன். ஒரு சனிக்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடி கடைசி வரியைத் திருத்தி ஓட்டினேன். திரையில் கோடு மேலே தொடங்கி, வளைந்து, இறங்கி, எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போனது. முதல் பாட்டிலின் புள்ளியையும் தொட்டது. நான் போட்ட கூச்சலில் சதுரங்கப்பட்டினத்துக்காரி எதையோ கீழே போட்டு உடைத்தாள்.

கைடிடம் ஆசையாகக் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார்.

"நல்லா நேராப் போற கோட்டை எதுக்கும்மா வளைச்சு வெச்சிருக்கீங்க?"

"நான் வளைக்கல சார். எண்ணெய் அப்படித்தான் வருது."

"முதல் பாட்டிலை யாரு கணக்குல சேக்கச் சொன்னா?"

"குழாய்ல பழைய மிச்சம் இல்லேன்னா ஏன் சேக்கக் கூடாது சார்?"

அவர் முகம் மாறியது. கழுவிப் பார்த்ததையும், மூடி வைத்துப் பார்த்ததையும், அமிலச் சோதனையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அந்தப் புள்ளிங்களை எடுத்துடுங்க. நேர்கோட்டைப் போட்டு எழுதுங்க. அடுத்த மாசமே சினாப்சிஸ் கூட்டம் வெச்சுடலாம். இல்லேன்னா நான் கையெழுத்துப் போடறதுக்கில்ல. உங்களுக்கு டைம் இல்லைங்கறது உங்களுக்கே தெரியும்."

தெரியும். நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி, அதுதான் கடைசி வருடம். அறையை விட்டு வெளியே வந்து படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். பயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவ்வளவும் கோபம். அவருடைய பழைய கட்டுரைகளில் செக்கிலிருந்து வந்த கச்சா எண்ணெய்களும் உண்டு. அவற்றுக்கும் முதல் பாட்டில் சாமிக்குத்தானே போயிருக்கும்? என் புள்ளிகள் நின்றால் அவருடைய எண்கள் ஆடும். அது எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தை மாமல்லபுரம் அழைத்துப்போயிருந்தோம். அவர்கள் உருண்டைப் பாறையைத் தாங்குகிற மாதிரி போட்டோ எடுக்கப் போய்விட, நானும் கணவரும் கடற்கரையில் வறுத்த மீன் தட்டோடு நின்றோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ளியை எடுத்துட்டு நேர்கோட்டைப் போட்டுடேன். முதல்ல பட்டத்தை வாங்கு. அப்புறம் உன் இஷ்டப்படி எழுது, யாரு கேக்கப் போறா?" என்றார்.

"அப்புறம்னு ஒண்ணு கிடையாதுங்க. அந்தக் கோடு என் பேர்ல அச்சாயிடும்."

"நாலு புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"உங்க ஆபீஸ்ல டெஸ்ட்ல ஃபெயிலானதை அழிச்சிட்டு எல்லாம் பாஸுன்னு கஸ்டமருக்கு அனுப்புவீங்களா?" என்று கத்தினேன். பக்கத்தில் சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்த்தார்.

என் கணவர் மீன் முள்ளை நிதானமாக எடுத்துப் போட்டுவிட்டு, "அனுப்பியிருக்கோம்" என்றார்.

கேட்டீர்களா நியாயத்தை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. "நான் அனுப்ப மாட்டேன்" என்றேன். அவர் காலித் தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "சரி, பண்ணு. ஆனா அப்புறம் வந்து அழாத" என்றார். அழ மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் அதன் சுருக்கத்தை நிபுணர்கள் முன் வைக்கிற அந்த சினாப்சிஸ் கூட்டம் நடந்தது. நேர்கோட்டோடுதான் வருவேன் என்ற நம்பிக்கையில் கைடு அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். நான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார். வளைந்த கோட்டைத் திரையில் போட்டேன். முதல் பாட்டிலில் தொடங்கி அமிலச் சோதனை வரை சொல்லி முடித்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கைடு எழுந்தார். "இந்தப் புள்ளிகளை நான் ஒத்துக்கலை. வீடு, ரயில்னு ஓடறவங்க. அவசரத்துல லைனைச் சரியாக் கழுவாம ஓட்டியிருக்காங்க" என்றார்.

காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. வீட்டையும் ரயிலையும் எதற்கு இழுக்க வேண்டும்? நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சதுரங்கப்பட்டினத்துப் பெண் எழுந்து நின்றாள். அவளுக்கு இன்னும் பட்டம் வரவில்லை, அதே கைடின் கையெழுத்துதான் அவளுக்கும் வேண்டும்.

"சார், லைனு கழுவுனது அவங்க இல்ல சார், நானு. கழட்டிப் போட்டு ஒவ்வொண்ணா கழுவுனேன். அழுக்கே இல்ல சார். என் எண்ணெய்லயும் மொத பாட்டிலு அப்பிடித்தான் கனமா கீது. நான்தான் கொட்டிக்கினு இருந்தேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகும் உட்காரவில்லை.

நிபுணர் கைடின் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார். "சார், உங்க கட்டுரைகள்லயும் முதல் பாட்டிலைக் கொட்டிட்டுத்தான் எடை போட்டீங்களா?"

கைடு தண்ணீர் குடித்தார். "அது வழக்கம்" என்றார்.

கூட்டத்தின் முடிவு நல்லவிதமாகவே எழுதப்பட்டது. வேலை புதியது, பாராட்டத்தக்கது, மற்ற எண்ணெய்களிலும் இதே முறையில் செய்துகாட்டிய பிறகு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். அதற்கு விதிவிலக்காக இன்னொரு நீட்டிப்பு வேண்டும், அதைக் கைடு பரிந்துரைக்க வேண்டும். நான் அவர் அறைக்குப் போனபோது அவர் தலை நிமிரவில்லை. "வேற யார்கிட்டயாவது போங்க" என்றார். அந்த மாதக் கடைசியில் என் பதிவு ரத்தானது. செங்கல்பட்டிலிருந்து ஊரப்பாக்கம் வரும் வரை ரயிலில் அழுதேன், வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மா கொஞ்சம் நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டார்.

சில மாதங்கள் கழித்து சதுரங்கப்பட்டினத்துப் பெண் போன் செய்தாள். அவளை அவர் ஒன்றும் செய்யவில்லை, அந்த அளவுக்கு அவர் மனிதர்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படாத. சாரு இப்ப எல்லாரையும் மொத பாட்டில எட போடச் சொல்றாரு. அமிலமும் பாக்கச் சொல்றாரு."

"யாரு சொல்லி மாறுச்சுன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லல. அவரே கண்டுகினா மாரி சொல்லிக்கினு கீறாரு."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். என் வருடங்கள் போயின, வழக்கத்தை மாற்றிய பெயர் அவருக்கு. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை, இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அந்த வளைந்த கோடு என்னுடையது, அதை நானே எழுதி, நானே நின்று, என் பெயரில்தான் அச்சிலேற்றுவேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். "யாரோட பேசற?" என்று கூடத்திலிருந்து கணவர் கேட்டார். "மறுபடி சேரப் போறேன். முதல்ல இருந்து" என்றேன். அவர் வந்து அடுப்பை அணைத்தார்.

வேறொரு நிறுவனத்தில் ஆராய்ச்சிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு வைத்திருந்தார்கள். போன ஆனி மாதம் ஒரு நாள் காலை, இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில் அங்கே போய் உட்கார்ந்தேன். வராந்தா முழுக்க என் மகளைவிடக் கொஞ்சமே பெரிய பிள்ளைகள். சிலரோடு அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். கதவருகே நின்ற அட்டெண்டர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, இந்த பெஞ்சு இண்டர்வியூக்கு வந்த புள்ளைங்களுக்கு. கூட வந்தவங்கல்லாம் அப்பால போயி மரத்தாண்ட குந்துங்க."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"நான் யார் கூடயும் வரல தம்பி. தனியாத்தான் வந்திருக்கேன்" என்றேன். "உள்ள போயி சொல்லுங்க, முதல்ல என்னைக் கூப்பிடச் சொல்லி."